மைக்கம்மா மகளை எப்படிக் கூப்பிட்டாள்

மைக்கம்மாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு வந்துபோகிற யாருக்கும் தெரியாது. புருஷனே வீட்டில் சில சமயம் வாய் தவறி "மைக்கம்மா, கொஞ்சம் தண்ணி கொடு" என்று கேட்டுவிட்டு முறைப்பு வாங்கிக் கட்டிக்கொள்வார்.

ஆஸ்பத்திரி ரொம்பப் பெரியது என்று சொல்ல முடியாது. மேலே பிரசவ அறைகள், கீழே காத்திருக்கும் கூடம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் என்றுதான் ஆரம்பித்தார்கள். போகப்போக மூட்டுவலிக்காரர்களும் ரத்தக் கொதிப்புக்காரர்களும் வந்து ஒட்டிக்கொண்டார்கள். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒரே இரும்புக் கம்பியில் வரிசையாக முடுக்கிவைத்திருப்பார்கள். இந்தக் கோடியில் கனத்த ஆள் ஒருவர் எழுந்தால் அந்தக் கோடியில் இருக்கிறவர் ஒரு குலுக்கு குலுங்குவார். கூடத்து மூலையில் ஒரு கண்ணாடிக் கூண்டு. கண்ணாடியில் வாய் வைத்துப் பேசுகிற அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை. அதற்குப் பின்னால் மைக்கும் மைக்கம்மாவும்.

அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது அத்தை மகன் மனைவியால். அத்தை என்றால் அப்பாவோடு கூடப் பிறந்தவள், இந்தக் கதையில் இன்னொரு தடவையும் வரப்போகிறவள். அவளுடைய மருமகள் அங்கே நர்ஸாக இருந்தாள். குரல் கணீரென்று இருக்கிறதே என்று கூட்டிப்போய்ப் பெரிய டாக்டர் முன்னால் நிறுத்தினாள். பெரிய டாக்டர் ஒரு தினுசான மனுஷர். நோயாளியின் பெயரை மொட்டையாகக் கூப்பிட்டால் அவருக்குப் பொறுக்காது. இங்கிலீஷில் முன்னால் ஒரு மரியாதை வேண்டும். ஆம்பளை என்றால் மிஸ்டர், கல்யாணமான பெண் என்றால் மிஸஸ், ஆகாத பெண் என்றால் மிஸ். உட்கார வைத்து ஒரே மூச்சில் சொல்லிக்கொடுத்தார். மைக்கம்மா படித்தது சொற்பம்தான், ஆனால் பிடித்துக்கொண்டாள்.

இதில் ஒரு சங்கதி உண்டு. பதிவு செய்கிற இடத்தில் பெயரையும் என்ன உபாதை என்பதையும் மட்டும்தான் எழுதிக்கொள்வார்கள். கல்யாணம் ஆனதா இல்லையா என்று கேட்பதில்லை. பெண்ணுக்கு முன்னால் என்ன போடுவது என்பதை மைக்கம்மாதான் கண்ணாடி வழியாக ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பெரிய டாக்டர் அப்படி விட்டுவிட்டார். அதுவே அவளுடைய ராஜ்ஜியமாகிவிட்டது.

எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று நர்ஸுகள் கேட்டால் அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். மோதிரத்தைப் பார்க்காதே, உடுப்பைப் பார்க்காதே, பையைப் பார் என்பாள். கல்யாணம் ஆகாதவள் பையை மடியில் வைத்துக்கொள்வாள். ஆனவள் பக்கத்து நாற்காலியில் வைப்பாள், யாரோ வந்து உட்காரப்போகிறார்கள் என்று இடம் பிடிக்கிற பழக்கம். இடையிடையே கடிகாரத்தைப் பார்த்து, அடுப்பில் எதையோ விட்டு வந்தவள்போல் முகத்தைச் சுளித்தால் சந்தேகமே வேண்டாம், மிஸஸ்தான். புருஷன் செத்தவளானாலும் மிஸஸ், அது எங்கேயும் போகாது. இப்படி ஒரு சட்டம் வைத்திருந்தாள்.

ஒரு தடவை தலை நரைத்த ஒரு பெண்மணியை மிஸஸ் என்று கூப்பிட்டுவிட்டாள். அவர் ஓட்டை அருகே குனிந்து, தனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று மெதுவாகச் சொன்னார். "இருக்கட்டும், உங்க வயசுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" என்றாள் மைக்கம்மா, தாராளமாகக் கொடுப்பதுபோல. அந்தம்மா அதன்பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. ஏன் என்று மைக்கம்மா யோசிக்கவும் இல்லை.

பெரிய டாக்டருக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகு அவருடைய மருமகள் நிர்வாகத்தைப் பார்க்க வந்தாள். வந்த வேகத்தில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்றாள். எம்.எஸ். என்று எழுத வேண்டும், சொல்லும்போது கடைசியில் வண்டு ரீங்காரம் போடுகிற மாதிரி இழுக்க வேண்டும். கல்யாணம் ஆனவளா ஆகாதவளா என்று அது காட்டிக்கொடுக்காது, எல்லாப் பெண்களுக்கும் பொது, இனிமேல் அதையே சொல்லலாமே என்றாள். மைக்கம்மாவுக்கு வந்ததே கோபம். ஆனதா ஆகவில்லையா என்று சொல்லாத வார்த்தை எதற்கு, கடையில் விலை ஒட்டாமல் வைத்த சாமான் மாதிரி? ஒளிக்க ஏதாவது இருக்கிறவளுக்குத்தான் அது வேண்டும், என் வாயால் அது வராது என்று சொல்லிவிட்டாள். பெரிய டாக்டர் வைத்த ஆள் என்பதால் மருமகளும் உங்கள் இஷ்டம் என்று விட்டுவிட்டாள்.

மைக்கம்மாவின் இந்தப் பிடிவாதம் வந்தது அவளுடைய அப்பாவின் வாசலிலிருந்து.

அப்பா லாரிகளை எடை போடுகிற மேடையில் வேலை பார்த்தவர். சாக்கில் ஒட்டிய மண்ணைக்கூடக் கழித்துத்தான் எடை எழுதுவார். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள், அதாவது மைக்கம்மாவின் அக்கா, கப்பலில் சமையல் வேலை பார்க்கிற ஒருவனோடு ஓடிப்போனாள். வீடு இழவு வீடுபோல் கிடந்தது. அத்தை வந்து கூடத்து நடுவில் உட்கார்ந்துகொண்டு, சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டிவைத்து, இனி இந்த வீட்டில் யார் பெண்ணெடுப்பார்கள் என்று மூக்கைச் சிந்தினாள். அப்படி எல்லாரும் கூடியிருந்த ஒரு சாயங்காலம் அக்கா சமையல்காரனோடு வந்து வாசலில் நின்றாள். அப்பா எழுந்து போனார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "கல்யாணம் ஆச்சா?" என்று. "ஆச்சுப்பா" என்றாள் அக்கா. "சரி, கை கால் கழுவிட்டு வந்து சாப்பிட உக்காருங்க" என்றார் அப்பா. அத்தையின் மூக்கு அதோடு சிந்துவதை நிறுத்தியது.

கதவுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சின்னப் பெண்தான் மைக்கம்மா. ஆச்சு என்ற அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று அன்றைக்கு அவள் மனதில் எடை போட்டுக்கொண்டாள். பிற்பாடு தையல் மெஷின் பழுது பார்க்கிற ஒருவரைக் காட்டி அப்பா சரியா என்று கேட்டபோது, மறுபேச்சில்லாமல் தலையை ஆட்டினாள். நல்ல மனுஷர்தான். எப்போதும் கையில் ஒரு எண்ணெய்க் குப்பி, வாயில் பேச்சுக் கிடையாது. ஒரே மகள்.

மகள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலை செய்தாள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகும். சரி செய்ய வருகிற மெக்கானிக்குக்கும் அவளுக்கும் மனது ஒத்துப்போயிற்று. அதுவாவது பரவாயில்லை. அவன் ஏற்கெனவே கல்யாணமானவன். முதல் மனைவி அவனை விட்டு எங்கேயோ தூர தேசத்துக்குப் போய்விட்டாள், விவாகரத்துக் கேஸ் கோர்ட்டில் இழுத்துக்கொண்டே கிடந்தது. அது முடிகிறவரைக்கும் இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சட்டத்தில் இடமில்லை. மகள் காத்திருக்கவில்லை. ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு அவன் இருந்த வாடகை வீட்டுக்குப் போய்விட்டாள்.

போகிற அன்றைக்கு மைக்கம்மா கதவருகே நின்று அவளிடம் சொன்னது இது: "உன் பெரியம்மாவும் ஓடிப்போனவதான். ஆனா கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்து வாசல்ல நின்னா. நீயும் பண்ணிக்கிட்டு வா, கதவைத் திறக்கிறேன். அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராத."

மகள் பெட்டியோடு இறங்கிப் போய்விட்டாள். அதன்பிறகு தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. எண்ணெய்க் குப்பிக்காரர் மட்டும், தூரத்தில் ஒரு மெஷின் சுத்த மோசமாக இருக்கிறது, திரும்பத் திரும்ப நின்றுவிடுகிறது என்று வாராவாரம் அந்தத் திசையாகப் போய்வந்துகொண்டிருந்தார். மைக்கம்மாவும் அந்த மெஷினைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.

ஒருநாள் அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, உன் மகள் முழுகாமல் இருக்கிறாள், வயிறு நன்றாகத் தெரிகிறது என்று போட்டு உடைத்தாள். துணி மடித்துக்கொண்டிருந்த மைக்கம்மா மடித்ததையே திரும்பப் பிரித்து மடித்தாள். அக்கா விடவில்லை.

"அவ உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் ஸ்கேன் எடுக்க வர்றா. நானும் அத்தானும் கூட வர்றோம்."

"ஏன், வேற ஆஸ்பத்திரியே கிடைக்கலையா அவளுக்கு?"

"நிறைய இருக்கு. அங்கெல்லாம் நீ இல்லையே."

பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். தன்னுடைய பெயரை அம்மா மைக்கில் எப்படிக் கூப்பிடுகிறாள் என்று கேட்க வேண்டும் என்கிறாளாம் மகள். அதை வைத்துத்தான் அந்த வீட்டு வாசலை மிதிப்பதா, இல்லை மிதிக்காமலே இருந்துவிடுவதா என்று முடிவு செய்யப்போகிறாளாம். மிதிக்காவிட்டால் பிறக்கிற பிள்ளையையும் கண்ணில் காட்டப்போவதில்லையாம்.

அன்று முழுக்க மைக்கம்மாவுக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. மிஸஸ் என்று கூப்பிட்டால் கூடம் நிறைய ஜனம் கேட்கச் சொன்ன பொய். அப்பா வாசலில் கேட்ட கேள்விக்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். மிஸ் என்று கூப்பிட்டால் பெற்ற மகளை நடுக்கூடத்தில் நிறுத்தி அவமானப்படுத்தியதாகும். வண்டு வார்த்தையோ, அவளே காறித் துப்பியது. புருஷனிடம் கேட்டுப் பார்த்தாள். அவர் குப்பியின் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "பேரைச் சொல்லிக் கூப்பிடேன்" என்றார். உங்களிடம் போய்க் கேட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த நாளும் வந்தது. மைக்கம்மா வழக்கம்போல் கூண்டில் உட்கார்ந்து, மிஸ்டர் இன்னார், மிஸஸ் இன்னார் என்று ஏலம் போடுகிறவள்போல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாசல் பக்கம் நிழலாடியது. அக்கா முன்னால், முழங்காலைப் பிடித்துக்கொண்டு அத்தான் அவளுக்குப் பின்னால், கடைசியில் மகள். வெகுநாள் பார்க்காத முகம். கன்னம் உப்பியிருந்தது, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. வயிறு நன்றாக முன்னால் வந்திருந்தது. லிஃப்ட்காரனைக் காணவில்லை. எங்கேயோ லிஃப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்களாம், போய்விட்டானாம்.

மகள் நடு வரிசையில் உட்கார்ந்தாள். பையை எங்கே வைக்கிறாள் என்று மைக்கம்மாவின் கண் பழக்கதோஷத்தில் பார்த்தது. அவள் பையை மடியிலும் வைக்கவில்லை, பக்கத்திலும் வைக்கவில்லை. கால்களுக்கு நடுவே தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்து, கண்ணாடியை நேராகப் பார்த்தாள்.

மகளுடைய முறை வந்தது. மைக்கம்மா சுவிட்சை அழுத்தினாள். ஒலிபெருக்கியில் அவளுடைய மூச்சுமட்டும் இரைந்தது. கூடம் நிமிர்ந்து பார்த்தது. அப்பாவின் முகம், வாசல், ஆச்சு என்ற சொல், எல்லாம் ஒன்றாக வந்து முன்னால் நின்றது. வாயைத் திறந்தாள்.

"மிஸ்" என்று சொல்லி மகளின் பெயரைச் சொன்னாள்.

வழக்கமான கணீர்க் குரல்தான். அதுதான் வினையாகப் போயிற்று. மகள் எழுந்தாள். வரிசை முழுவதும் ஒரு குலுக்கு குலுங்கியது. ஒவ்வொரு தலையாகத் திரும்பி முதலில் அவள் முகத்தைப் பார்த்தது, பிறகு வயிற்றைப் பார்த்தது, பிறகு பக்கத்துத் தலையைப் பார்த்தது. அவள் ஸ்கேன் அறைப் பக்கம் திரும்பவில்லை. குனிந்து, சிரமப்பட்டுப் பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வாசலைப் பார்த்து நடந்தாள். கதவு தானாக ஆடி நின்றது.

தான்தான் சொன்னோமா என்று மைக்கம்மாவுக்கே நம்பிக்கை வரவில்லை. சுவிட்சிலிருந்து விரலை எடுத்தாள், அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

அக்கா மெதுவாக எழுந்து வந்தாள். கத்துவாள் என்று மைக்கம்மா எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை. கண்ணாடி ஓட்டைக்கு வாயைக் கொண்டுவந்து, கடையில் அரைக் கிலோ சர்க்கரை கேட்கிறவள்போலச் சொன்னாள்.

"அடுத்தது என் பேருதானே? பிரஷர் பாக்கக் கொடுத்திருக்கேன். என்னையும் மிஸ்னே கூப்பிடு."

"அக்கா, விளையாடுற நேரமா இது?"

"விளையாடலடி. எனக்குக் கல்யாணமே ஆகல."

மைக்கம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடத்துக் கோடியில் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த அத்தானைப் பார்த்தாள். அவர் வழுக்கைத் தலையை ஆட்டி, பல்லில்லாத வாயால் அவளைப் பார்த்துச் சிரித்தார். திரும்ப அக்காவைப் பார்த்தாள்.

"ஆச்சுன்னு சொன்னியே?"

"சொன்னேன். ஆகல."

அக்கா சொன்னதன் சுருக்கம் இது. ஓடிப்போனபோது ரிஜிஸ்டர் ஆபீஸுக்குத்தான் போனார்கள். அங்கே அதிகாரி லீவு, அடுத்த வாரம் வா என்றார்கள். அடுத்த வாரம் கப்பல் கிளம்பிவிட்டது. அதற்கு முன்னால்தான் இவர்கள் அப்பா வீட்டு வாசலில் வந்து நின்றது. ஆச்சு என்று சொல்லியாகிவிட்டது. அத்தான் கப்பலில் போவார், வருவார், போவார். எப்போதாவது போய்ச் செய்துகொள்ளலாம் என்றால், ஆகிப்போனதாகச் சொன்ன கல்யாணத்தை இன்னொரு தடவை செய்தால் ஊருக்குத் தெரிந்துபோகுமே. அப்படியே பிள்ளைகள் பிறந்து, பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகி, தலையும் நரைத்துவிட்டது. யாரும் எந்த அத்தாட்சியும் கேட்கவில்லை. அத்தானுக்கு அது மறந்தே போயிற்று, நினைவுபடுத்தினால் திடுக்கிட்டுப்போவார்.

இந்த வாயால் எத்தனை தடவை அக்காவை மிஸஸ் என்று மைக்கில் கூப்பிட்டிருக்கிறாள் மைக்கம்மா. அதுவும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அழுத்தி, என் அக்கா என்று கூடத்துக்குத் தெரியட்டும் என்று. அக்காவும் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ராணி மாதிரி நடந்து போயிருக்கிறாள். அந்த அக்காவைக் காட்டித்தான் மகளை வாசலுக்கு வெளியே நிறுத்தினாள்.

காலுக்குக் கீழே தரை நழுவுகிறது என்பார்களே, அது அவளுக்கு நிஜமாகவே நடந்தது. சுழல் நாற்காலி நழுவிப் பின்னால் ஓடியது. எழுந்தவள் கூண்டுக் கதவைத் திறந்து, வாசலைப் பார்த்து நடந்தாள். அப்புறம் ஓடினாள்.

மகள் தெருவைத் தாண்டியிருக்கவில்லை. மருந்துக் கடைப் படியில், வெயிலுக்குக் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மைக்கம்மா மூச்சு வாங்க அவள் முன்னால் போய் நின்றாள். நாளெல்லாம் ஆட்களைக் கூப்பிடுகிற வாய்க்கு எதிரே நிற்கிற மகளைக் கூப்பிட ஒரு சொல் கிடைக்கவில்லை.

மகளே ஆரம்பித்தாள். "நிஜத்தைத்தானேம்மா சொன்ன, விடு. எனக்குப் பதில் கிடைச்சிடுச்சு. பஸ் வந்ததும் போயிடுவேன்."

"பெரியம்மாவுக்கும் கல்யாணம் ஆகலையாம்டி" என்று குளறினாள் மைக்கம்மா. வீடு தீப்பற்றிக்கொண்டது என்று சொல்ல ஓடி வந்தவளைப் போல இருந்தது அவள் முகம்.

"தெரியும்."

"என்ன தெரியும்? உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ என்கூடப் பேச்சை நிறுத்தினியே, அப்பவே பெரியம்மா சொல்லிட்டாங்க. நான் பெட்டியத் தூக்கிக்கிட்டு அவங்க வீட்டுக்குத்தான் முதல்ல போனேன்."

"அப்ப இத்தனை நாள் ஏன் சொல்லல? என் மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லியிருக்கலாமே. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே, உன் அக்கா மட்டும் என்னன்னு?"

மகள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். "கேட்டிருக்கலாம். ஆனா உங்க அப்பா, அந்த வாசல், அந்தச் சாப்பாடு, அதுதானேம்மா உனக்கு எல்லாம். அதையும் பிடுங்கிட்டா நீ எதைப் பிடிச்சுக்கிட்டு நிப்ப?"

அக்கா சொன்னதுகூட மைக்கம்மாவுக்குள் இவ்வளவு ஆழமாக இறங்கவில்லை. தான் துரத்திவிட்ட பெண், கையில் அவ்வளவு பெரிய கல்லை வைத்துக்கொண்டு, தன் மேல் எறியாமல் இத்தனை நாள் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். அதுவும் வயிற்றுச் சுமையோடு. படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். மகளுடைய கையைப் பிடித்தாள். மகள் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, இறுக்கிக்கொள்ளவும் இல்லை.

அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி வாசல் ஒலிபெருக்கி கொரகொரத்தது. அக்காவின் குரல்! காலியான கூண்டைப் பார்த்ததும் அவள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டிருக்கிறாள். பெயர்களைப் படிக்க அவளுடைய மூக்குக்கண்ணாடி கைவசம் இல்லை. "பச்சைக் குடை வச்சிருக்கிற அம்மா, டாக்டர் கூப்பிடுறாங்க. குடைய மடக்கிட்டுப் போங்க. இருமிக்கிட்டே இருக்கிற ஐயா, நீங்க அதுக்கப்புறம்" என்று தெருவுக்கே கேட்கும்படி ஒலித்தது.

மகளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயிறு குலுங்கியது. "அய்யோ, பாத்ரூம் போகணும்மா" என்றாள். மைக்கம்மா அவளைக் கைத்தாங்கலாக எழுப்பினாள்.

இருவரும் கூடத்துக்குள் நுழைந்தபோது எல்லாத் தலைகளும் மறுபடி திரும்பின. மைக்கம்மா மகளின் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டு நடுவே நடந்தாள். கழிப்பறை வாசலில் காத்திருந்து, ஸ்கேன் அறைக்குக் கூட்டிப்போனாள். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் கையில் அட்டையோடு கதவைத் திறந்து, இவங்க மிஸ்ஸா மிஸஸ்ஸா, எப்படிப் போடணும் என்று கேட்டாள்.

"என் பொண்ணுன்னு போடு" என்றாள் மைக்கம்மா.

அப்படிப் போட அதில் இடமில்லை என்று நர்ஸ் முழித்தாள். மகளே உள்ளே போகும்போது, வண்டு வார்த்தையைச் சொல்லி எழுதச் சொன்னாள். கதவு சாத்திக்கொண்டது.

வெளியே பெஞ்சில் மைக்கம்மா உட்கார்ந்திருந்தாள். நிர்வாகம் பார்க்கிற மருமகள் வந்து கூண்டிலிருந்து அக்காவைக் கிளப்பிவிட்டிருந்தாள்; கிளம்பும்போது அக்கா, மைக் கொஞ்சம் கரகரக்குது, பாருங்க என்று புகார் வேறு சொல்லிவிட்டு வந்தாளாம். வந்து தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாம் சரி. அப்பாகிட்டப் பொய் சொல்ல உனக்கு எப்படிக்கா மனசு வந்துச்சு? அதைத்தான் என்னால தாங்க முடியல."

அக்கா அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். "அப்பாகிட்ட யாருடி பொய் சொன்னா? அவருதான் சொல்லச் சொன்னாரு."

முந்தின நாளே அப்பா அவர்களைத் தேடிப் போயிருந்தாராம். துறைமுகத்துப் பக்கம் அத்தான் தங்கியிருந்த அறை. உட்காரக்கூட இல்லை. நாளைக்கு உன் அத்தையும் சொந்தக்காரர்களும் கூடியிருப்பார்கள், அப்போது வா, எல்லார் எதிரிலும் நான் கேட்பேன், ஆச்சு என்று சொல், அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாதே என்று சொல்லிவிட்டுப் போனாராம். அந்தச் சாயங்காலத்துச் சாப்பாடும் அக்காவுக்குப் பிடித்ததாகப் பார்த்து அவரே சாமான் வாங்கிக் கொடுத்துச் செய்யச் சொன்னது.

சாக்கில் ஒட்டிய மண்ணைக் கழித்து எடை எழுதுகிற அப்பா. கதவுக்குப் பின்னால் நின்ற சின்னப் பெண் பார்த்தது முழுவதும் அத்தைக்காகப் போட்ட நாடகம். அதைத்தான் அவள் வேதமாக எடுத்துக்கொண்டு, ஊர்ப் பெண்களையெல்லாம் பையை வைத்து எடை போட்டிருக்கிறாள்.

"வீட்டுல அவருக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள், பதில் தெரிந்தும்.

"உன் வீட்டுக்காரருக்கா? உன்னைப் பாக்க வந்தப்பவே அப்பா சொல்லிட்டாரு. ஒளிச்சுக் கட்டிக்கொடுக்கக் கூடாதுன்னு. அவரு, சரி அதனால என்னன்னு கேட்டாராம். அதுக்காகத்தான் அப்பாவுக்கு அவரைப் பிடிச்சுப்போச்சு."

மைக்கம்மா எழுந்தாள். உட்கார்ந்திருந்தால் இன்னும் எதுவாவது வந்து விழும் என்று பயமாக இருந்தது. கூண்டுக்குப் போனாள். கூடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அடுத்த பெயர் ஒரு பெண்ணுடையது. கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நடு வயசு. பை பக்கத்து நாற்காலியில் இருந்தது. அதைப் பார்த்து மைக்கம்மாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பை ஒரு நாற்காலியில் இருக்கிறது, அவ்வளவுதான் தெரிந்தது. சுவிட்சைத் தொடாமல், ஓட்டை வழியாகக் கையைக் காட்டி அந்தப் பெண்ணை அருகே அழைத்தாள்.

"உங்களை எப்படிங்க கூப்பிடணும்? மிஸ்ஸா, மிஸஸ்ஸா, இல்ல இன்னொண்ணு இருக்கே, அதுவா?"

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எப்படி வேணா கூப்பிடுங்க. சீக்கிரமா கூப்பிடுங்க. எவ்வளவு நேரமா உக்காந்திருக்கேன் தெரியுமா?"

ஸ்கேன் முடிந்து மகள் வெளியே வந்தாள். பிள்ளை நன்றாக இருக்கிறதாம், ஓயாமல் உதைக்கிறதாம். கண்ணாடிக்கு வெளியே நின்று அதைச் சொல்லிவிட்டு, சற்றுத் தயங்கினாள். பிறகு, நாளைக்கு வீட்டுக்கு வருகிறேன், லிஃப்ட் வேலை சீக்கிரம் முடிந்தால் அவரும் வருவார், வரலாமா என்று கேட்டாள்.

வா வா என்று மைக்கம்மா தலையை ஆட்டினாள். உடனே அடுத்த கவலை பிடித்துக்கொண்டது.

"அவரை நான் என்னன்னுடி கூப்பிடுறது? இன்னொருத்தியோட புருஷன், கேஸ் இன்னும் நடக்குது. உன்கூட இருக்காரு. ஆனவர்னு சொல்றதா, ஆகாதவர்னு சொல்றதா?"

மகள் சிரித்தாள். "ஆம்பளைக்குத்தான் ஒண்ணே ஒண்ணு வச்சிருக்கீங்களேம்மா. ஆனாலும் மிஸ்டர், ஆகலைன்னாலும் மிஸ்டர், விட்டுட்டு வந்தாலும் மிஸ்டர்தானே?"

அவள் பெரியம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் போனாள். அத்தான் காலை இழுத்து இழுத்துப் பின்னால் போனார். இத்தனை காலம் இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து எத்தனை ஆம்பளைகளைக் கூப்பிட்டிருப்பாள் மைக்கம்மா. ஒருவனையாவது, இவன் கல்யாணமானவனா என்று நிமிர்ந்து பார்த்ததுண்டா என்று யோசித்தாள். ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை.

கூடத்தில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அடுத்த பெயர் ஆம்பளைப் பெயர். மைக்கம்மா சுவிட்சை அழுத்தாமல், கழுத்தை நீட்டி, அந்த மனுஷர் யார் என்று கூடம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாள்.